காரம் குறைந்த மிளகாயின் ஊர்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குப் பிறந்த ஊரின் நினைவு பெரும்பாலும் நாவில்தான் முதலில் எழுகிறது. தண்ணீரின் சுவை வேறு, அரிசியின் பதம் வேறு, புளியின் நிறம் வேறு என்று நீளும் முறையீடுகளில், ஹுப்பள்ளித் தமிழ்க் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்பது மிளகாயைப் பற்றியது. வீட்டு வாசலில் நட்ட செடி தழைக்கிறது, பூக்கிறது, கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. காயைக் கிள்ளிக் குழம்பில் இட்டால் மட்டும் காரம் காணோம். உடனே தீர்ப்பும் வந்துவிடுகிறது: "இந்த ஊர் மண் அப்படி!"

இத்தீர்ப்பு சரிதானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதும், ஆராய்ச்சியின் பொருட்டு நான் சென்று கண்ட ஓர் ஊரை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம். நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. தாவர நூல் கற்றவன் அல்லேன். ஆனால் மூட்டைகளின் மேல் எழுதியுள்ள ஊர்ப்பெயர்களை நாள்தோறும் படித்துப் படித்து, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்று அறியும் ஆவல் மட்டும் எனக்கு உண்டு.

ஹுப்பள்ளியில் தமிழர்கள் வந்து சேர்ந்த வரலாறு இருப்புப்பாதையோடு பின்னிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ரயில்வேத் தொழிற்சாலை எழுந்தது. 1908ஆம் ஆண்டு சென்னை ரயில்வேயும் தெற்கு மராட்டா ரயில்வேயும் ஒன்றாக இணைந்தன. சென்னைப் பக்கத்துத் தொழிலாளர்களும் எழுத்தர்களும் இப்பக்கம் வருவதற்கு அந்த இணைப்பு வழி திறந்து வைத்தது. 2003 முதல் தென்மேற்கு ரயில்வேயின் தலைமையகமும் இவ்வூரே. மூன்று தலைமுறை கண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உள்ளன. மூன்றாம் தலைமுறைக் குழந்தைகள் வாசலில் கன்னடத்தில் விளையாடிவிட்டு, வீட்டுக்குள் வந்து தமிழில் சோறு கேட்கிறார்கள்.

ஆகவே "இந்த மண்ணில் விளைவதற்குக் காரம் இராது" என்று பெரியவர்கள் சொல்லும்போது, இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எங்கள் குவார்ட்டர்ஸில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "பாட்டி, நானும் இந்த மண்தானே?" என்று ஒரு நாள் கேட்டாள். பாட்டியம்மாள் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டார். எனக்கோ அந்தக் கேள்வியை அப்படி விட்டுவிட மனமில்லை. மிளகாய்க்குக் காரம் எங்கிருந்து வருகிறது, எதனால் குறைகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே ஊரின் பெயரைச் சொன்னார்கள்: பியாடகி.

நம் ஊர் மளிகைக் கடைகளில் 'பேடகி மிளகாய்' என்று விற்பது இந்தப் பியாடகியின் மிளகாயே. ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. ஹுப்பள்ளியிலிருந்து பெங்களூர் செல்லும் பாதையில், ஹாவேரியைத் தாண்டியதும் அதன் நிலையம் வருகிறது. மாசி மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலைப் பாசஞ்சரில் ஏறினேன்.

வண்டி ஹுப்பள்ளியை விட்டதும் இருபுறமும் கரிசல் நிலம் விரிகிறது. வெண்சோளம், கொண்டைக்கடலை, பருத்தி என மாறி மாறி வயல்கள். முதலில் வரும் முக்கியமான ஊர் குந்தகோள். இந்துஸ்தானி இசையில் பெரும்புகழ் பெற்ற சவாய் கந்தர்வர் 1886இல் பிறந்த ஊர் அது. அவரிடம் பாடம் கேட்பதற்காகக் கங்குபாய் ஹானகல் அம்மையார் ஹுப்பள்ளியிலிருந்து ரயிலில் இவ்வூருக்கு வந்து போனார் என்பது ரயில்வேக்காரர்களாகிய நமக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி. குந்தகோள் வட்டாரத்தில்தான் சன்னல் வழியே முதன்முதலாக அந்தச் செந்நிறத்தைக் கண்டேன். அறுவடை செய்த மிளகாயைக் களத்தில் பரப்பி வெயிலில் காய வைத்திருந்தார்கள். கரிய நிலத்தின் மேல் செஞ்சாந்து பூசினாற்போல் அக்களங்கள் தெரிந்தன.

எதிரே அமர்ந்திருந்த ஆசிரியர் ஒருவர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். பியாடகி மிளகாய் என்று பெயர் பெற்றிருந்தாலும், அது பியாடகி ஊரில் மட்டும் விளைவதன்று. குந்தகோள், ஹுப்பள்ளி, கதக், ஹாவேரி எனப் பரந்த வட்டாரத்தில், பெரும்பாலும் மழையை நம்பிய கரிசல் காடுகளில் அது விளைகிறது. விளைந்தது எல்லாம் வந்து கூடும் சந்தை பியாடகி. அதனால் சந்தையின் பெயரே காய்க்கும் வாய்த்தது. அப்படியானால், "இந்த மண்" என்று நாங்கள் ஹுப்பள்ளியில் குறை கூறும் அதே மண்தான், 2011ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஒரு மிளகாயின் தாய்மண்!

ஹாவேரி நிலையத்தில் வண்டி சற்று நின்றது. ஏலக்காய் மாலைக்குப் பெயர்போன ஊர் இது. அடுத்துப் பியாடகியில் இறங்கி, ஆட்டோ பிடித்துச் சந்தைக்குப் போனேன்.

சந்தை கூடும் நாளில் அங்கே போகிறவர் முதலில் காண்பது நிறம். திறந்த வெளியிலும் கொட்டகைகளின் கீழும் சாக்கு மூட்டைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாயும் விரிக்கப்பட்டு, உள்ளிருந்து ஆழ்ந்த செம்மை எட்டிப் பார்க்கிறது. பருவத்தின் உச்சத்தில் ஒரே சந்தை நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மூட்டைகள் வந்து குவிவதுண்டு. வணிகர்கள் ஒரு பிடி அள்ளுகிறார்கள், வெயிலில் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒரு காயைப் பிளந்து முகர்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். கூவி ஏலம் விடும் ஆரவாரம் அங்கே இல்லை. விலையைக் கணினியின் வழியே பதிந்து, பிறகு அறிவிக்கிறார்கள். ஒரு புறம் பெண்கள் வட்டமாக அமர்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரிக்கிறார்கள். அவர்களின் விரல் நுனிகள் மருதோன்றி இட்டவை போல் சிவந்திருக்கின்றன.

நான் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். தும்மல் வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அந்த மிளகாயின் இயல்பு அத்தகையது. அதில் இரு வகை உண்டு. குட்டையாய்ப் பருத்திருப்பது 'டப்பி'. நீண்டு மெலிந்து குச்சி போலிருப்பது 'கட்டி'. கன்னடத்தில் கட்டி என்றால் குச்சி என்றே பொருள். இரண்டின் தோலும் கிழவரின் கன்னம் போல் சுருங்கியிருக்கும். சுருக்கத்தையும் நிறத்தையும் பார்த்தே தரம் சொல்லிவிடுகிறார்கள். இந்த மிளகாயிலிருந்து வடிக்கும் செஞ்சாறு உணவுப் பண்டங்களுக்கு நிறமூட்டப் போகிறது. உதட்டுச் சாயத்துக்கும் நகப்பூச்சுக்கும் கூடப் போகிறது. பிசிபேளே பாத்தின் சிவப்பும், மங்களூர்ப் பக்கத்து நெய் வறுவலின் சிவப்பும் இதன் கொடையே.

அங்கே தம் மூட்டைகளின் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். குந்தகோள் பக்கத்து விவசாயி. இவ்வூர் வழக்கப்படி "அஜ்ஜா" என்று அழைத்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன்.

"அஜ்ஜா, உங்கள் மிளகாய்க்கு ஏன் காரம் குறைவு? மண்தான் காரணமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, எங்கள் வீட்டில் விதைக்காகக் காய் பொறுக்குவது என் அம்மாவின் வேலையாக இருந்தது. இப்போது என் மருமகள் செய்கிறாள். களத்தில் ஆயிரம் காய் கிடந்தால், நன்றாய்ச் சிவந்ததை, நன்றாய்ச் சுருங்கியதை எடுத்துத் தனியே வைப்பாள். எந்தக் காய் அதிகம் எரிகிறது என்று யாரும் கடித்துப் பார்த்து விதை எடுத்ததில்லை. நாங்கள் தேடியது நிறம், நிறம் கிடைத்தது. காரம் வேண்டுமென்றால் குண்டூருக்குப் போ!"

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் என் கேள்விக்குப் பாதி விடை அந்தச் சொற்களில் இருந்தது. காரம் குறைந்திருப்பது இந்த மண் செய்த வஞ்சனை அன்று. பல தலைமுறைகளாக உழவர்கள் ஆண்டுதோறும் விதை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இயல்பு அது. அஜ்ஜாவின் கவலை வேறு. மழை பிந்தினால் செடி இல்லை. மழை மிஞ்சினால் காய் அழுகிவிடும். பாசன நிலங்களில் அதிக விளைச்சல் தரும் கலப்பின மிளகாய்கள் பல்லாரி, ராய்ச்சூர், ஆந்திரப் பகுதிகளிலிருந்து இதே சந்தையில் வந்து குவிகின்றன. 2024ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் இங்கே விலை திடீரெனச் சரிந்தபோது, மனம் கொதித்த உழவர்கள் சந்தை அலுவலகத்தைத் தாக்கியதும் வண்டிகள் எரிந்ததும் நாளேடுகளில் வந்த செய்திகள். மிளகாயில் இல்லாத எரிச்சல் அன்று மனங்களில் இருந்தது. ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்கு ஒரே நாளில் விலை முடிவாகும் வாழ்க்கை அது.

இனி மறுபாதி விடைக்கு வருவோம். காரம் என்பது என்ன?

மிளகாய் நம் நாட்டுப் பொருள் அன்று என்பதை நேயர்கள் அறிவார்கள். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. மிளகின் வேலையைச் செய்ததால் புதிய காய்க்கு 'மிளகாய்' என்று பெயரிட்டோம். கன்னடியரும் மிளகை 'மெணசு' என்பர். மிளகாயை 'மெணசினகாயி' என்பர். வந்தேறிய காய்க்கு இரு மொழியினரும் ஒரே முறையில் பெயர் சூட்டி வீட்டில் சேர்த்துக்கொண்டது எண்ணி மகிழத்தக்கது.

இக்காயின் எரிச்சலுக்குக் காரணமான பொருளுக்குக் காப்சாய்சின் என்று பெயர். 1876இல் ஆங்கில வேதியியலர் திரெஷ் என்பவர் இட்ட பெயர் இது. விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய உட்தசையில்தான் அது ஊறுகிறது. அதனோடு உரசிக் கிடப்பதால் விதையும் எரிகிறது. செடி இதைத் தன் பாதுகாப்புக்காகச் செய்கிறது. பல் உள்ள விலங்குகள் விதையை மென்று அழித்துவிடும். ஆகையால் அவற்றை எரித்து விரட்டுகிறது. பறவைகளுக்கு இந்த எரிச்சல் உறைப்பதில்லை. அவை பழத்தை விழுங்கி, விதையைச் சேதமின்றித் தொலைவில் இடுகின்றன. கிளி மிளகாய்ப் பழத்தைக் கண்கலங்காமல் தின்பதன் மர்மம் இதுவே.

காரத்தை அளக்கவும் ஒரு முறை உண்டு. 1912இல் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் என்பவர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்து, எரிச்சல் மறையும் வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். இன்று கருவிகளைக் கொண்டு அளந்தாலும் அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, குண்டூர்ச் சன்னம் 35,000 முதல் 40,000 அலகு வரை உள்ளது. பியாடகி 8,000 முதல் 15,000 வரை. அஸ்ஸாம், நாகாலாந்துப் பகுதிகளின் பூத் ஜொலோக்கியா 2007இல் உலகிலேயே மிகக் காரமானது எனக் கின்னஸ் ஏட்டில் பதிவானபோது, அதன் அளவு பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே விதையின் குலமே முதற்காரணம். ஹுப்பள்ளிக் கடையில் வாங்கிய வற்றலை உடைத்து விதைத்துவிட்டு, செடியில் குண்டூரின் காரத்தை எதிர்பார்ப்பது முறையாகாது. அக்கடையில் விற்பது பெரும்பாலும் பியாடகிதானே!

"அது சரி; எங்கள் வீட்டில் இருப்பது ஊரிலிருந்து கொண்டு வந்த விதை. அதிலுமா காரம் குறைய வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்டவர் உண்டு. மேலே குறிப்பிட்ட பாட்டியம்மாள் முதுகுளத்தூர்ப் பக்கத்தவர். சொந்த ஊரிலிருந்து முண்டு மிளகாய் விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, ஆனி மாதத்தில் தொட்டியில் ஊன்றினார். ஐப்பசியில் காய் கண்டது. "பாருங்க தம்பி, ஊரில் இதை வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். இங்கே வெண்டைக்காய் மாதிரி இருக்கிறது" என்று எனக்கும் ஒன்று கொடுத்தார். உண்மையாகவே அது சாதுவான காயாக இருந்தது.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டு திரண்ட அக்காய், கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களின் கரிசல் காடுகளில் வானம் பார்த்து விளைவது. அதாவது, அங்கும் கரிசல், இங்கும் கரிசல். எனில் வேறுபாடு எங்கே இருக்கிறது?

அங்கே புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். கார்த்திகையோடு மழை ஓய்கிறது. பிறகு நாளுக்கு நாள் நிலம் வற்றுகிறது; வெயில் ஏறுகிறது. தை, மாசி, பங்குனியில் காய்கள் பழுக்கும் வேளையில் செடி நீர்த்தாகத்தோடுதான் நிற்கிறது. அத்தகைய நெருக்கடியில் செடி காய்க்கும் காய்கள் சிறுத்திருந்தாலும், அவற்றில் காரம் செறிந்திருக்கும். இங்கேயோ பாட்டியம்மாளின் செடிக்கு வேளை தவறாமல் உபசாரம். அரிசி கழுவிய நீர், பருப்புக் கழுவிய நீர், மாலையில் ஒரு குவளைக் குழாய் நீர். தொட்டி இருந்த இடமோ காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வெயில் எட்டும் தாழ்வாரம். வெளியே ஆடி, ஆவணி மாதங்களின் மேகமூட்டமும் குளிர்ந்த இரவுகளும். நீர் மிகுந்து, வெயில் குறைந்து, தட்பம் கூடினால் காய் நீர்த்துப் போகும், காரம் தேங்காது. இவற்றோடு சாணமும் பிண்ணாக்கும் அளவு மீறிச் சேர்ந்தால், தழைச்சத்து மிகுந்து செடி இலையாகவே வளர்ந்து, காய்ப்பதில் சோம்பிவிடும்.

பறிக்கும் காலமும் ஒரு பெரிய காரணம். பூ உதிர்ந்து காய் தோன்றிய உடனே காரம் வந்துவிடுவதில்லை. ஏறக்குறைய இருபது நாள் கழித்தே ஊறத் தொடங்குகிறது. நாற்பது முதல் ஐம்பது நாளுக்குள் உச்சத்தை அடைகிறது. வீட்டுச் செடியில் காய் விரல் நீளம் வந்தவுடன் குழந்தைகள் பறித்துவிடுகிறார்கள். பெரியவர்களும் ஆவலை அடக்குவதில்லை. முற்றாத காயிடம் காரம் கேட்பது, பால் கட்டாத கதிரிடம் அரிசி கேட்பது போன்றது.

அந்தச் செடியை நாங்கள் பிடுங்கவில்லை. தை பிறந்ததும், தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்துத் தென்புறச் சுவரோரம், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் வைக்கும்படி பாட்டியம்மாளிடம் சொன்னேன். இலை சற்றே வாடித் தலை தொங்கும்போது மட்டும் நீர் ஊற்றுவது என்றும் முடிவாயிற்று. "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுவது போலிருக்கிறதே தம்பி" என்று அவர் வருந்தினார். ஆயினும் இசைந்தார். இரண்டாம் முறை பூத்த பூவில் காய்கள் முன்னைவிடச் சிறியனவாகவும் குறைவாகவும் வந்தன. அவற்றைத் தொடாமல் விட்டு, நிறம் மாறத் தொடங்கிய பின் பங்குனியில் பறித்தோம். அன்று அவர் வீட்டுத் துவையலை உண்டவர்கள் சோற்றை நிறுத்திவிட்டு மோர் தேடினார்கள். அதே விதை, அதே செடி, தொட்டியில் இருந்ததும் அதே ஹுப்பள்ளி மண். மாறியவை பருவமும் நீரும் வெயிலும் பறித்த நாளுமே.

இன்னும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். குடமிளகாய்ச் செடியின் அருகில் இருந்ததால் நம் மிளகாய் காரம் இழந்தது என்று சிலர் கூறுவர். மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். தேனீக்களால் அயல் மகரந்தம் கலப்பதும் உண்டு. ஆனால் கலப்பு நேர்ந்தாலும் அது விதைக்குள்தான் போகிறது. காயின் தோலும் காரம் ஊறும் தசையும் தாய்ச்செடியின் உடலே. அவை அவ்வாண்டில் மாறுவதில்லை. அந்த விதையை மறு ஆண்டு விதைத்தால்தான் வேறுபாடு தெரியும். அதுபோலவே கலப்பினச் செடியின் காயிலிருந்து விதை எடுத்தால், பிள்ளைகள் எல்லாம் தாயைப் போல் இருக்க மாட்டா. ஒன்று எரியும், ஒன்று இனிக்கும்.

கடைசியாக, நம் நாவையும் விசாரிக்க வேண்டும். காரம் அறுசுவைகளுள் ஒன்று என நாம் எண்ணிவந்தாலும், உடல் அதைச் சூடாகவே உணர்கிறது. நாவில் வெப்பத்தை உணர்வதற்கென உள்ள ஓர் ஏற்பியைக் காப்சாய்சின் தட்டி எழுப்புகிறது. கொதிநீர் பட்டால் எந்த மணி அடிக்குமோ, அதே மணி மிளகாய்க்கும் அடிக்கிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிஞருக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. அந்த மணி அடிக்க அடிக்க, அதன் ஓசை மெல்லக் குறைந்துபோவதும் உண்மை. அறுபது ஆண்டுகள் முண்டு மிளகாயில் பழகிய நாவுக்குச் சாதுவாகத் தோன்றும் அதே காய், பத்து வயதுப் பேத்தியின் கண்ணில் நீர் வரவழைக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே காய், இரண்டு நாக்கு.

வீட்டில் மிளகாய் வளர்க்க விரும்பும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் கற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். விதை எந்தக் குலத்தது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செடி இளமையாக இருக்கும்போது நீரும் எருவும் குறையாமல் கொடுங்கள். பூத்துக் காய் பிடித்த பின், செடி பட்டுப்போகாத அளவுக்கு நீரைக் குறைத்துவிடுங்கள். கோடையில் முற்றும்படி காலத்தைக் கணக்கிட்டு விதையுங்கள். காய் முற்றும்வரை பொறுத்திருங்கள். ஒரு காய் காரமில்லை என்பதற்காகச் செடியை வெறுக்காதீர்கள். ஒரே செடியின் காய்களுக்குள்ளும் காரம் ஏறி இறங்கும். இத்தனையும் செய்த பின்னும் பியாடகி விதை பியாடகியாகத்தான் இருக்கும். அதனைக் குறையென்று கருத வேண்டா. நிறத்துக்கு அதனை ஆளுங்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பாட்டியம்மாளின் சமையலறையில் இப்போது இரண்டு மிளகாய் டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் முண்டு வற்றல். வற்றற்குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும். மற்றொன்றில் அஜ்ஜாவிடம் நான் வாங்கி வந்த பியாடகி வற்றல். சாம்பார்ப் பொடிக்கும், குழந்தைகளின் தோசையில் தடவும் செஞ்சட்டினிக்கும். பேத்தியின் பழைய கேள்விக்கும் அவர் விடை சொல்லிவிட்டார். "நீ எங்கள் ஊர் விதை, கண்ணம்மா. இந்த மண்ணும் நல்ல மண்தான்" என்றார். அவள் அதைக் கேட்டுவிட்டு, கன்னடத்தில் தன் தோழியை அழைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டாள்.

பெங்களூர் மார்க்கத்தில் பயணம் செய்யும் அன்பர்கள், தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தில் வாய்ப்பு நேர்ந்தால், பியாடகியில் ஒரு வேளை இறங்கிப் பாருங்கள். கைக்குட்டை ஒன்றும், சுமந்து வரப் பை ஒன்றும் போதும். வாங்கும்போது மழைக்காட்டில் விளைந்த டப்பியா, கட்டியா என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் அவ்வுழவர்கள் மகிழ்வார்கள். விலையில் மட்டும் அவர்களோடு நெடுநேரம் வழக்காடாதீர்கள்.